நாற்பத்து மூணு வீட்டுல செத்தவன்

ஓரக்கண்ணால பாக்காதீங்க சார், கழுத்து சுளுக்கிக்கும். நேராவே பாருங்க. பாண்டிச்சேரியில நீங்க பஸ் ஏறினதுலேருந்து நானும் கவனிக்கிறேன். எங்கேயோ பாத்த மூஞ்சி, எங்கேன்னு பிடிபடல, அதானே? அடுத்து, பேங்க்ல இருந்தீங்களான்னு கேப்பீங்க. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. இல்ல சார். நான் செத்தவன்.

பையைத் தூக்கிக்கிட்டு எழுந்திரிக்காதீங்க, உக்காருங்க. கண்ணை மூடிக்கங்க. ஒரு பெரிய ஹால். நடுவுல சோபா. மாடிப்படி வளைஞ்சு இறங்குது. சுவத்துல ஒரு போட்டோ. சந்தன மாலை, நெத்தியில பொட்டு, கீழ குட்டியா ஒரு சிவப்பு பல்பு. வெள்ளைப் புடவையில ஒரு பொம்பளை அதுக்கு முன்னாடி நின்னு அழுவுறா. இப்ப கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க.

ஆங்! வந்துடுச்சா? 'வசுந்தரா வீட்டு வாசல்' சீரியல். வசுந்தராவோட வீட்டுக்காரர் கமலநாதன் நான்தான். உங்க வீட்டம்மா ஆறு வருஷம் பாத்தாங்களா? அப்ப ஆறு வருஷமா நான் உங்க வீட்டுக்கும் வந்துட்டுப் போனவன்தான். போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பணுமா? தாராளமா எடுங்க சார். போட்டோவுக்குன்னே பொறந்த மூஞ்சி இது. கொஞ்சம் இருங்க, தலையை வாரிக்கிறேன். ம், எடுங்க. பாத்தீங்களா, கண்ணு அசையல? அது பழக்கம்.

பேரு ஏகாம்பரம். சொந்த ஊரு உத்திரமேரூர். இருபத்துநாலு வயசுல ஹீரோ ஆகறதுக்காகச் சென்னைக்கு வந்தேன். எல்லாரும் எதுக்கு வந்தாங்களோ அதுக்குத்தான் நானும் வந்தேன். ஒன்பது வருஷம் கூட்டத்துல நின்னேன். கோர்ட்ல உக்காந்திருக்கிறவன், கல்யாணத்துல சாப்பிடுறவன், ஹீரோ பேசினா கை தட்டுறவன். ஒரு வார்த்தை பேசினதில்ல. ஒருநாள் ஒரு சீரியல் கம்பெனிக்குப் போட்டோ குடுக்கப் போனேன். அங்க செத்துப்போன அப்பா போட்டோவுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தாங்க. என் போட்டோவை எடுத்து சுவத்துல வெச்சுப் பாத்தாரு மேனேஜர். ரெண்டடி பின்னாடி போனாரு. "யோவ், நீ செத்தா ரொம்ப நல்லா இருக்கேய்யா"ன்னாரு. சார், என் வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் என்னைப் பாத்து நல்லா இருக்கேன்னு சொன்னாரு.

அன்னைக்கு ஏறினவன்தான், இருபத்தேழு வருஷம் சுவத்தை விட்டு இறங்கல. நாற்பத்து மூணு வீடு. என்கூட வந்தவங்கள்ல ஒருத்தன் ஹோட்டல் வெச்சான், ஒருத்தன் ஊருக்கே திரும்பிட்டான், ஒரு ஹீரோ இப்ப எங்க இருக்காருன்னு அவருக்கே தெரியாது. நான் இருக்கேன்ல? இந்தத் தொழில்ல நிலைச்சு நிக்கிறதுதான் சார் பெரிசு.

சும்மா இல்ல, அதுல நிறைய நுணுக்கம் இருக்கு. ரொம்பச் சிரிச்சா, செத்ததுல சந்தோஷம்போல இருக்குன்னு ஆயிடும். ரொம்ப உம்முன்னு இருந்தா, சாகப்போறது முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு ஆயிடும். நடுவுல ஒண்ணு இருக்கு. இப்பத்தான் காபி குடிச்சிட்டு, இனிமேதான் பேப்பர் படிக்கப் போறோம்ங்கிற மாதிரி. அந்த முகம் எல்லாருக்கும் வராது. பணக்கார வீடுன்னா கண்ணாடி போட்டுக்குவேன். கிராமத்துக் கதைன்னா மீசை. வில்லனோட அப்பான்னா கண்ணாடி, மீசை ரெண்டும்.

போட்டோ எடுக்க ஒரு நாள் போதுமேன்னு நினைக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. நான் தினமும் ஷூட்டிங் போவேன் சார். ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க, நானாவே போவேன். கண்ணாடியைத் துடைக்கிறது யாரு? மாலை கோணலா தொங்கினா முகத்துல பாதி மறைஞ்சிடும், அதைப் பாக்கிறது யாரு? ஒருதடவை இயக்குநர் மதிவாணன் கேட்டாரு, "என்ன சார், போட்டோதான் இருக்கே, நீங்க எதுக்கு வர்றீங்க?"ன்னு. "தம்பி, அது வேலை செய்யறப்ப நான் வீட்டுல உக்காந்திருந்தா நல்லா இருக்குமா?"ன்னேன். அவரு மானிட்டர் பக்கம் திரும்பிட்டாரு. யோசிச்சிருக்கார்னு நினைக்கிறேன்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. விசேஷ வீட்டுல எனக்கு யாரும் மாலை போட மாட்டாங்க. என் மச்சினன் பொண்ணு கல்யாணத்துல பெரியவங்களுக்கெல்லாம் மாலை போட்டுக்கிட்டே வந்தாங்க. என்கிட்ட வந்ததும் மாப்பிள்ளையோட அம்மா, "ஐயோ, இவருக்கு வேணாங்க, பாக்க ஒரு மாதிரியா இருக்கு"ன்னுட்டாங்க. ஒரு துண்டைப் போத்திட்டுப் போயிட்டாங்க. வடபழனி மார்க்கெட்ல கத்திரிக்காய் விக்கிற அம்மா என்னைப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிச்சு. "போட்டோவுக்கு இப்ப இளைச்சிட்டீங்களே சாமி"ன்னுச்சு. அதெல்லாம் பெருமைதானே சார்? பெருமைதான்.

முன் சீட்டுல குழந்தைங்க சிரிக்குது பாருங்க. அங்க நடுவுல பச்சைப் புடவையில உக்காந்து அணில் மாதிரி கீச்சுக் குரல்ல பேசிக்கிட்டு இருக்கே, அதுதான் என் வீட்டுக்காரி, செண்பகம். நீங்க அவ முகத்தைப் பாத்திருக்க மாட்டீங்க. ஆனா அவ அழுதா உங்க வீட்டம்மாவும் அழுதிருப்பாங்க. வசுந்தராவா நடிச்ச பொண்ணு ரூபிகா பெங்களூரு. அதுக்குத் தமிழ்ல 'வாங்க', 'சாப்டீங்களா', 'பேக்கப்பா?' மூணுதான் தெரியும். அந்தப் பொண்ணுக்கு டப்பிங் குரல் செண்பகம்தான்.

ஆமா சார். கணக்காப் பிடிச்சிட்டீங்க. என் போட்டோ முன்னாடி ஆறு வருஷம் அழுதது என் பொண்டாட்டியேதான். அங்க திரையில நான் மாலையோட தொங்குவேன். இங்க மைக் முன்னாடி அவ, "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே"ன்னு கதறுவா. ஒரே டேக்தான். அதுக்கு அவளை அடிச்சிக்க ஆளே கிடையாது. சவுண்ட் இன்ஜினியர் நசீர் சொல்வாரு, "அக்கா அழுதா நான் கண்ணாடியைக் கழட்டி வெச்சிடுவேன், நனைஞ்சிடுது"ன்னு.

ஆனா தொழில் நுணுக்கம் அவளுக்குக் கம்மி. நான் சொல்லித்தான் தருவேன். "செவ்வாய்க்கிழமை அழுகை பத்தல, செண்பகம். புருஷன் செத்து மூணு நாள்தான் ஆகுது, இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்"னு சொல்வேன். எழுந்து போய் குக்கரை வைப்பா. விமர்சனத்தை ஏத்துக்கிற பக்குவம் கிடையாது.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். அந்த ஆறு வருஷமும் டப்பிங் முடிஞ்சு சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்ததும், செருப்பைக்கூட கழட்ட மாட்டா. நேரா வந்து என் கையைப் பிடிச்சுப் பாப்பா. கேட்டா, "ஒண்ணுமில்ல, காய்ச்சல் இருக்கான்னு பாத்தேன்"பா. தினமும்! எனக்கு அந்த ஆறு வருஷத்துல ஒருநாள் காய்ச்சல் வந்ததில்ல சார். ஒருநாள் வரலைன்னா விட்டுடணும், ரெண்டு நாள் வரலைன்னா விட்டுடணும். ஆறு வருஷம் பிடிச்சுப் பாத்தா. அவ அறிவு அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷம் ஆடி மாசம் சீரியலுக்கு ரேட்டிங் சரிஞ்சிடுச்சு. மதிவாணன் என்னைக் கூப்பிட்டாரு. நான் கண்ணாடி துடைக்கிற துணியோட போனேன். "ஏகாம்பரம் சார், கமலநாதன் சாகல"ன்னாரு. துணியை மடிச்சுப் பாக்கெட்ல வெச்சேன். "விபத்துல தப்பிச்சு எங்கேயோ இருக்கான். திரும்பி வர்றான். வாசல்ல நின்னு ஒரே ஒரு டயலாக். 'வசு… நான் வந்துட்டேன்.' அவ்வளவுதான்."

அவ்வளவுதானா சார்? முப்பத்தாறு வருஷமா நான் காத்துக்கிட்டிருந்தது அவ்வளவுக்குத்தானே! மூணு வார்த்தை. என் குரல் எப்படி இருக்கும்னு தமிழ்நாட்டுக்குத் தெரியாது. தெரியப் போகுது. அன்னைக்கே புதுச் சட்டை தைக்கக் குடுத்தேன்.

மூணு வாரம் ஒத்திகை. குளிக்கிறப்ப சொல்வேன். மொட்டை மாடியில சொல்வேன். முக்குல இஸ்திரி போடுறவர்கிட்ட சட்டையை வாங்கப் போய், அவரு முகத்தைப் பாத்து, "வசு… நான் வந்துட்டேன்"னேன். "வந்துட்டீங்க சார், சட்டை இன்னும் ரெடியாகல"ன்னாரு. 'வசு'வுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் விடணும்ங்கிறதுதான் கஷ்டம். செண்பகத்தைக் கூப்பிட்டு, "கொஞ்சம் வாசல் பக்கம் நில்லு, நீதான் வசுந்தரா"ன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தா. "நிஜமா வர்றப்ப பாத்துக்கலாம் போங்க"ன்னுட்டா. ஆனா அந்த மூணு வாரமும் அவ முகத்துல ஒரு களை இருந்தது. பாட்டெல்லாம் முணுமுணுத்தா. என்னோட வெற்றியில அவளுக்கும் கொஞ்சம் பெருமை இருக்கும்ல.

ஷூட்டிங் அன்னைக்குப் போனேன். நேரா வாசல்ல நிக்க வெப்பாங்கன்னு பாத்தா, ஆஸ்பத்திரி செட். கட்டில்ல படுக்கச் சொல்லி முகம் பூரா கட்டுப் போட்டாங்க. மூக்குக்கு ரெண்டு ஓட்டை மட்டும். "விபத்துல அடி பட்டிருக்கு, கட்டைப் பிரிக்கிறப்பதான் எல்லாருக்கும் தெரியணும்"னாரு மதிவாணன். ஆகா, என்னா மூளைன்னு நினைச்சேன். ரெண்டு நாள் படுத்திருந்தேன் சார். மூஞ்சி அரிக்குது, சொறியல. கட்டுக்குள்ள, யாருக்கும் தெரியாம, அந்த நடு முகத்தை வெச்சுக்கிட்டிருந்தேன். காபி குடிச்சாச்சு, இனிமேதான் பேப்பர்.

மூணாம் நாள் கட்டைப் பிரிக்கிற சீன். டாக்டரா நடிச்சவரு மெதுவா ஒரு சுத்து பிரிச்சாரு. ரெண்டு சுத்து. மூணாவது சுத்துல "கட்!"னு சத்தம். "ரொம்ப நன்றி ஏகாம்பரம் சார், எந்திரிங்க. ஜெயதேவ் சாரைக் கூப்பிடுங்கப்பா, அவருக்குக் கட்டுங்க."

ஜெயதேவ் தெரியுமா? ஒரு காலத்துல ஹீரோ. உங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க, வெக்கப்படுவாங்க. முகம் நசுங்கிப் போயி பிளாஸ்டிக் சர்ஜரி பண்ணிட்டாங்களாம். கட்டைப் பிரிச்சா வேற முகமாம். "மன்னிச்சிக்கங்க சார், சேனல்ல பேரு உள்ள ஆளா கேக்கறாங்க"ன்னாரு மதிவாணன். நான் கட்டோடவே உக்காந்திருந்தேன். பாதி பிரிச்சது கழுத்துல தொங்குது. அழுதேன் சார். வெளிய தெரியல, துணி உறிஞ்சிக்கிச்சு. அது ஒண்ணுதான் அந்தக் கட்டால கிடைச்ச லாபம்.

அப்புறம் ஜெயதேவ் வீட்டுக்குள்ள வந்து, "நான் உயிரோட இருக்கேன், இது எதுக்கு?"ன்னு சொல்லி என் போட்டோவை இறக்கற சீன். நானே ஆணியைத் தளர்த்திக் குடுத்தேன். அவருக்கு உயரம் பத்தாது.

அந்தப் போட்டோவை எனக்கே குடுத்துட்டாங்க. மாலை, பல்பு, எல்லாத்தோடவும். ஆறு வருஷ உழைப்பு சார், குப்பையிலயா போடுவேன்? வீட்டுக்குக் கொண்டுவந்து ஹால்ல காலண்டருக்குப் பக்கத்துல மாட்டினேன். பல்பையும் எரிய விட்டேன். அழகா இருந்தது. செண்பகம் கறிவேப்பிலை வாங்கிட்டு உள்ள வந்தா. பாத்தா. அப்படியே நின்னா.

முப்பத்திரெண்டு வருஷத்துல நாங்க சண்டையே போட்டதில்ல சார். அன்னைக்குப் போட்டா பாருங்க. "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு எந்த வீட்டுலயாவது மாலை போட்டு மாட்டுவாங்களா? வேலைன்னு அங்க பாத்துத் தொலைச்சேன், இங்கயுமா?"ன்னு கத்தினா. மாலையை அறுத்து எறிஞ்சா. பல்பைப் பிடுங்கினா. எட்டி உதைச்சா ஸ்டூலை. அந்தக் குரல்ல கத்தினா என்ன ஆகும் சொல்லுங்க? பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. டிவி ஓடுதுன்னு நினைச்சுட்டாங்க. மறுநாள் மாடி வீட்டம்மா, "நேத்து எபிசோடு நல்லா இருந்ததா? நான் பாக்காம விட்டுட்டேன்"னு கேக்கறாங்க.

கலையை மதிக்கத் தெரியாதவள்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் பேசல நான்.

மூணாம் நாள் காலையில நசீர் போன் பண்ணினாரு. "சார், கொஞ்சம் டப்பிங் தியேட்டர் வர முடியுமா? அக்காவுக்கு வரமாட்டேங்குது"ன்னாரு. என்ன வரலைன்னு ஓடினேன். ஜெயதேவ் வாசல்ல நிக்கிறான், வசுந்தரா அவனைப் பாத்து, "என்னங்க… வந்துட்டீங்களா?"ன்னு கேக்கணும். ரெண்டே வார்த்தை. பதினோரு டேக் ஆயிருக்கு. ஒரே டேக்காரி! "குரல் வருது சார், ஆனா யாரோ கேஸ் சிலிண்டர் போட வந்தவனைக் கேக்கற மாதிரியே வருது"ன்னாரு நசீர்.

நான் உள்ள போனேன். செண்பகம் என்னைப் பாத்தா. நசீர்கிட்ட, "இவர் டிவி பக்கத்துல நிக்கட்டும், அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்"னா. இது எனக்குக் கைவந்த கலையாச்சே. நின்னேன். நடு முகம். கண் அசையல. நசீர் கையைக் காட்டினாரு.

அவ டிவியைப் பாக்கல சார். அதுல ரூபிகா வாய் அசைக்கிறா, அதை ஓரமா பாத்துக்கணும், அதுதான் முறை. இவ என்னையே பாத்தா. "என்னங்க…"ன்னா. நிறுத்தினா. நான் 'வசு'வுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் விடணும்னு மூணு வாரம் தேடினேனே, அந்த நேரம். அப்புறம், "வந்துட்டீங்களா?"ன்னா. கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா குரல் சிரிக்குது. அந்த மாதிரி அவ ஆறு வருஷத்துல பேசினதே இல்ல. மூணு வாரம் உருப்போட்டது சார், வாய் தானாத் திறந்துடுச்சு. "செண்பகம்… நான் வந்துட்டேன்"னுட்டேன்.

அவ்வளவுதான். பேரையும் மாத்திச் சொல்லிட்டேன். மைக் ஓடுதுங்கிறதையே மறந்துட்டேன். தொழில்ல இவ்வளவு பெரிய தப்பு நான் பண்ணினதே கிடையாது. நசீரைப் பாத்தா அந்தாளு கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு குனிஞ்சு உக்காந்திருக்காரு. பக்கத்துல போயி, "மன்னிச்சிக்கங்க நசீர், இன்னொரு டேக் போயிடலாமா?"ன்னேன். "வேணாம் சார், உங்க குரலை மட்டும் வெட்டிடறேன்"னாரு.

வெட்டிட்டாங்க சார். அதுதான் என் வருத்தம். முப்பத்தாறு வருஷத்துல நான் பேசின ஒரே டயலாக். கேட்டது யாரு? மொத்தம் ரெண்டு பேர். நசீர் தொழில்ல இருக்கிற ஆள், அவரைக் கணக்குல சேக்க முடியாது. மிச்சம் என் பொண்டாட்டி ஒருத்திதான். அதனால என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

அதோட செண்பகமும் ஒரு கிறுக்குத்தனம் பண்ணிட்டா. இனிமே அழுவுற வேஷத்துக்கெல்லாம் பேச மாட்டேன்னுட்டா. இப்ப கார்ட்டூன்ல ஒரு அணில் குஞ்சுக்குப் பேசறா. அதான் அங்க கும்பல். எப்பேர்ப்பட்ட குரல்! எவ்வளவு பேரை அழ வெச்ச குரல்! இப்படிச் சிரிக்க வெச்சு வீணாக்குறா. சொன்னா கேக்கறதில்ல. காய்ச்சல் பாக்கறதையும் நிறுத்திட்டா. அதைக் கேட்டா, "இப்ப தேவையில்ல"ங்கிறா.

சீர்காழி தாண்டியாச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான். திருக்கடையூர்ல இறங்கணும். எனக்கு நாளைக்கு அறுபது முடியுது. அறுபதாங் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் திருச்சியிலேருந்து நேரா வந்துடறாங்க. எமனையே எட்டி உதைச்ச கோயில்னு அவதான் இங்கேயே பண்ணணும்னு பிடிவாதம். எனக்கு இஷ்டமே இல்ல. ஏன்னா மாலை மாத்தணும் சார். இருபத்தேழு வருஷமா எனக்கு உயிரோட யாரும் மாலை போட்டதில்லையே. கழுத்துல விழுந்தா முகம் தானா அப்படிப் போயிடும், நாற்பத்து மூணு வீட்டுப் பழக்கம். பாக்கிறவங்க பயந்துடுவாங்கன்னு சொன்னேன்.

அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா? "எனக்கு வேற எதுவும் வேணாங்க. நான் மாலை போட்டதும் என்னைப் பாத்து ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்க, போதும்." அறுபது வயசுல பட்டுப்புடவை கேக்கலாம், வளையல் கேக்கலாம். கண் சிமிட்டறதையா கேப்பாங்க? எதுக்குன்னு எனக்குச் சத்தியமா புரியல சார். ஆனா ஒரு வேலையை ஒத்துக்கிட்டா சரியா செய்யணும்ல. ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி பழகறேன். ரெண்டு கண்ணும் ஒண்ணா மூட மாட்டேங்குது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. இப்ப. எப்படி? வேகமாப் போயிடுச்சா? இன்னொரு தடவை பாருங்க. இது? இது பரவாயில்லையா? சிரிக்காதீங்க சார், இது வேலை.

அட, வண்டி நின்னுடுச்சு. அவ பையோட இறங்கிட்டா பாருங்க. குழந்தைங்களுக்குக் கை ஆட்டறா. உங்க வீட்டம்மாவைக் கேட்டதா சொல்லுங்க. கமலநாதன் நல்லா இருக்கார்னு சொல்லுங்க. கூப்பிடறா, கேக்குதா? மொத்த பஸ்ஸும் திரும்பிப் பாக்குது பாருங்க, அந்தக் குரல் அப்படி. "என்னங்க, வந்துட்டீங்களா?"ங்கிறா.

இரு செண்பகம், அந்தக் கம்பியைக் கொஞ்சம் பிடிச்சுக்கறேன். இதோ… நான் வந்துட்டேன்.